டோரா, பெப்பா வாசிப்புப் புத்தகங்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மாலை நேரங்களில் ஒரு சிறுவர் நூலகம் நடத்திவருகிறேன். மொத்தம் நான்கு அலமாரிகள். அவற்றில் எப்போதும் முதலில் காலியாவது ஒரே தட்டுதான்: டிவி கார்ட்டூன்களிலிருந்து உருவான ஆங்கில ஆரம்ப வாசிப்புப் புத்தகங்கள் உள்ள தட்டு. குழந்தைகள் ஓடிவந்து எடுக்கிறார்கள். பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் பிறந்த கேள்விகளையும், இத்தனை வருடங்களில் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். டோராவைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாக இருக்கும். எங்கள் தட்டில் அதிகம் கசங்கிய புத்தகங்கள் அவளுடையவைதான்.

சாதாரணக் கதைப் புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே.

படக்கதைப் புத்தகம் பெரியவர் படிக்க, குழந்தை கேட்பதற்காக எழுதப்படுவது. அதில் கடினமான சொல் வரலாம், நீண்ட வாக்கியம் வரலாம், படிப்பவர் சமாளித்துக்கொள்வார். ஆரம்ப வாசிப்புப் புத்தகம் குழந்தை தானே படிப்பதற்காக எழுதப்படுவது. எழுத்து பெரியது, வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஒரு பக்கத்துக்கு ஓரிரு வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள். அளவிலும் சிறியது, ஐந்தாறு வயதுக் கை பிடித்துக்கொள்ளும்படி இருக்கும். பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கங்கள்.

அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் 2000 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய டோரா தொடரை வைத்து சைமன் ஸ்பாட்லைட் பதிப்பகம் 'ரெடி டு ரீட்' வரிசையில் இப்படிப் பல புத்தகங்களை வெளியிட்டது. பிரிட்டனில் 2004-இல் ஒளிபரப்பான பெப்பா பிக் தொடருக்கு லேடிபேர்ட் பதிப்பகத்தின் 'ரீட் இட் யுவர்செல்ஃப்' வரிசை இருக்கிறது. 2013-இல் வந்த பா பட்ரோலுக்கு ராண்டம் ஹவுஸின் 'ஸ்டெப் இன்டு ரீடிங்'. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை இவைதான்.

கதைதான் டிவியில் பார்த்தாகிவிட்டதே, அதையே மறுபடி படிப்பதில் என்ன பயன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கதை தெரிந்திருப்பதுதான் இந்தப் புத்தகங்களின் பலம்.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஓர் எளிய பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று. அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. எது சுழியமானாலும் விடை சுழியம். ஆறு வயதுக் குழந்தை புதுக் கதை ஒன்றைத் தானே படிக்கும்போது இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் செய்கிறது. எழுத்துகளைக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. யார் இந்தப் பெண், எதற்காக மலை ஏறுகிறாள் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால், குழந்தையின் முழுக் கவனமும் எழுத்துக்குக் கிடைக்கிறது.

தெரிந்த விஷயம் எவ்வளவு துணைசெய்யும் என்பதற்கு 1988-இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய ஓர் ஆய்வு உண்டு. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கக்கூடிய, ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் நன்கு தெரிந்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு டோராவின் காடு தெரிந்த மைதானம். முதலில் அங்கே ஓடட்டும்.

இந்த வகைப் புத்தகங்கள் எப்போது தொடங்கின? முன்பெல்லாம் பாடநூலில்தானே வாசிக்கப் பழகினோம்?

அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. பாடநூல் வாசகங்கள் குழந்தைகளைச் சலிப்படைய வைக்கின்றன என்ற குறை 1950-களில் வலுத்தது. 1957-இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. டாக்டர் சூஸ் வெறும் 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து 'தி கேட் இன் த ஹேட்' கதையை எழுதினார். அதே ஆண்டு ஹார்ப்பர் பதிப்பகம் 'லிட்டில் பேர்' கதையோடு தனது 'ஐ கேன் ரீட்' வரிசையைத் தொடங்கியது. குறைந்த சொற்களில் நல்ல கதை சொல்லலாம் என்று இரண்டும் காட்டின.

டிவி பிறகு வந்து சேர்ந்தது. சில சமயம் வட்டமே அடித்திருக்கிறது. மார்க் பிரவுனின் ஆர்தர் 1976-இல் புத்தகமாகப் பிறந்தவன். 1996-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கார்ட்டூனாக வந்தான். அந்தக் கார்ட்டூன் கதைகள் திரும்பவும் புத்தகமாயின. லிட்டில் பேரும் 1995-இல் டிவிக்குப் போனது. ஆகவே டிவி ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் என்று இவற்றை எதிரெதிராக நிறுத்த முடியவில்லை.

அட்டையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது. என் மகன் யூகேஜி. எதை எடுப்பது?

அந்த எண் வயதோ வகுப்போ அல்ல, படி. 'ஸ்டெப் இன்டு ரீடிங்' வரிசையில் ஐந்து படிகள்: எழுத்துகள் தெரிந்து படிக்கத் தயாராகும் குழந்தைக்கு முதல் படி, துணையோடு படிப்பவருக்கு இரண்டாவது, தானே படிப்பவருக்கு மூன்றாவது, பத்தி படிப்பவருக்கு நான்காவது, அத்தியாயங்களுக்குத் தயாரானவருக்கு ஐந்தாவது. 'ரெடி டு ரீட்' வரிசையில் ஒன்றுக்கும் கீழே ஒரு தொடக்கப் படி உண்டு.

ஒரு பதிப்பகத்தின் ஒன்றும் மற்றொன்றின் ஒன்றும் சமமல்ல. அவரவர் தமக்கென வைத்துக்கொண்ட அளவு அது. அதனால் எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர். புத்தகத்தை நடுவில் திறந்து, ஒரு பக்கத்தைக் குழந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொற்களில் ஒன்றில் நின்றால் சரியான புத்தகம். மூன்று நான்கில் நின்றால் இன்னும் ஒரு படி கீழே போங்கள். அது தாழ்வு என்று குழந்தையின் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள்.

புத்தகத்தில் புஜ்ஜியே இல்லையே! வேறு டோரா புத்தகத்தை வாங்கிவிட்டேனா?

சரியான புத்தகம்தான். சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்த பெற்றோர் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு கணம் திகைக்கிறார்கள். நமக்குப் புஜ்ஜி என்று அறிமுகமான குரங்கின் மூலப் பெயர் பூட்ஸ். அவன் போட்டிருக்கும் சிவப்புக் காலணிதான் அவன் பெயர். நம் குள்ளநரிக்கு அங்கே ஸ்வைப்பர் என்று பெயர். தட்டிப் பறிப்பவன் என்று பொருள்.

வீட்டில் தமிழ் டோரா பார்க்கும் குழந்தையானால், படிக்கத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் நூலகத்தில் ஒரு சிறுமி 'பூட்ஸ்' என்று வந்த இடமெல்லாம் சற்றும் தயங்காமல் 'புஜ்ஜி' என்று படித்துக்கொண்டு போனாள். அவள் தோழமையைத்தான் படித்தாள், எழுத்தை அல்ல. அழகான தவறு அது. ஆனாலும் அடுத்த முறை முதல் எழுத்தில் விரலை வைத்து, "இந்த எழுத்து என்ன சத்தம் போடும்?" என்று கேட்டேன். உதட்டைக் குவித்து 'பூ' என்றாள். தமிழில் இரண்டு பெயரும் ஒரே ஓசையில் தொடங்குவதால் அவளுக்கு அதுவும் சரியாகவே பட்டது. கடைசி எழுத்துக்குப் போன பிறகுதான் நின்று யோசித்தாள். சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்தால் போதாது, முடிவுவரை பார்க்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டது அன்றுதான்.

நடுநடுவே ஆங்கிலமே அல்லாத சொற்கள் வருகின்றன. அவற்றை எப்படிச் சொல்லித்தருவது?

அவை ஸ்பானிஷ். மூலத் தொடரில் டோரா ஆங்கிலமும் ஸ்பானிஷும் பேசும் லத்தீன அமெரிக்கப் பின்னணிச் சிறுமி. வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வாழும் குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதை நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தமிழும் ஆங்கிலமும் பேசும் குழந்தைக்கு அது உடனே புரிகிறது.

பெரும்பாலும் 'வணக்கம்', 'போகலாம்', 'நன்றி' போன்ற எளிய சொற்களே வரும். ஆங்கில ஓசை விதியில் அவற்றைக் கூட்டிப் பார்க்க விடாதீர்கள். நீங்களே ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள்.

அவன் கடகடவென்று படிக்கிறான். ஆனால் படிக்கிறானா, மனப்பாடமாகச் சொல்கிறானா என்று தெரியவில்லை.

பெரும்பாலும் மனப்பாடம்தான். பதற வேண்டாம். ஆறு வயதுப் பையன் ஒருவன் பா பட்ரோல் புத்தகத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்துக்காட்டினான். நடுவில் இரண்டு தாள்கள் பழச்சாறு பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் அவற்றைச் சேர்த்தே புரட்டினான். உள்ளே மறைந்திருந்த இரண்டு பக்கத்தின் வரிகளையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். அவன் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கதையின் ஒழுங்கு, வாக்கியத்தின் ஒழுங்கு, எங்கே நிறுத்துவது, எந்தக் குரலில் சொல்வது எல்லாம் அவனிடம் வந்துவிட்டிருந்தன. எழுத்து மட்டுமே பாக்கி.

செய்ய வேண்டியது இது. ஒரு வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். சொற்களைத் தனித்தனியாகக் கத்தரித்துக் கலைத்துவிடுங்கள். குழந்தையை அடுக்கச் சொல்லுங்கள். வாய்ப்பாடமாகத் தெரிந்த வாக்கியத்தில் எந்தச் சொல் எது என்று தேடும்போது, கண் முதன்முறையாக எழுத்தின்மேல் நிற்கும். அந்தப் பையன் 'தேர்', 'வேர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு எது எது என்று கால்மணி நேரம் யோசித்தான். கடைசியில், "ஆன்ட்டி, முதல் எழுத்து மட்டும்தான் வேற!" என்று கத்தினான்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறாள். நல்லதுதானே? பள்ளியிலும் படத்தைப் பார் என்றுதான் சொல்கிறார்கள்.

நான் இதில் பிடிவாதக்காரி. படம் கதையைப் புரிந்துகொள்வதற்கு. சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. டிவிப் புத்தகங்களில் இந்த ஆபத்து மற்றவற்றைவிட அதிகம். படம் பழக்கமானது, பளிச்சென்று இருக்கும், பதிலை முன்கூட்டியே சொல்லிவிடும்.

பெப்பா வாளியோடு கடற்கரையில் நிற்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் 'பெயில்' என்று இருக்கிறது. குழந்தை படத்தைப் பார்த்து 'பக்கெட்' என்கிறது. பொருள் ஒன்றுதான், சொல் மட்டும் வேறு. பாராட்டிவிட்டு நகர்ந்தால், படிக்கும் சிரமமே இல்லாமல் பாராட்டு கிடைக்கும் என்று அது பழகிக்கொள்ளும். படமே இல்லாத மூன்றாம் வகுப்புப் பாடத்தில் மாட்டிக்கொள்ளும்.

படத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடுங்கள். வரியை முதலில் படிக்கட்டும். படித்து முடித்ததும் தாளை எடுத்து, "சரியாகச் சொன்னாயா, பார்" என்று காட்டுங்கள். அதே படம் இப்போது பரிசாகிவிடும். எங்கள் நூலகத்தில் இதற்கென்றே பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். குழந்தைகள் அதைத் 'திரை' என்கிறார்கள்.

சில டோரா புத்தகங்களில் சொல்லுக்குப் பதிலாகவே சின்னப் படம் போட்டிருக்கிறார்களே, அதையும் மூடவேண்டுமா?

வேண்டாம். அது வேறு வகை. வாக்கியத்தின் நடுவில் குரங்கின் சிறு படம் வந்தால், அந்த இடத்தில் குழந்தை அதன் பெயரைச் சொல்ல வேண்டும். நம் சிறுவர் இதழ்களிலும் சொல்லுக்குப் பதில் படம் போட்ட கதைகள் வந்ததுண்டு. நான்கு வயதுக் குழந்தையை இடமிருந்து வலமாக வரியோடு நகர்த்தவும், 'நானும் படிக்கிறேன்' என்ற மகிழ்ச்சியைத் தரவும் இது நல்ல உத்தி. அங்கே நீங்கள் சொற்களைப் படியுங்கள், குழந்தை படங்களைப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டத் தொடங்கியபின் இவற்றை விட்டு மேலே போய்விடுங்கள்.

கூட்டிப் படிக்கச் சொன்னால் சில சொற்கள் கூட்டலுக்கே வருவதில்லை. என்ன செய்வது?

ஆங்கிலத்தின் தொல்லை அது. எஸ், ஏ, ஐ, டி என்று எழுதி 'செட்' என்று படிக்க வேண்டும். இப்படி அடிக்கடி வரும் சொற்களை எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-இல் பட்டியலிட்டார், மொத்தம் 220. பெயர்ச்சொற்களை அதில் சேர்க்கவில்லை. ஆரம்ப வாசிப்புப் புத்தகங்களின் வரிகளில் பெரும்பகுதி இத்தகைய சொற்களால்தான் ஆனது. ஒரு புத்தகத்துக்கு ஐந்து சொற்களைப் படிக்கும் முன்பே காட்டிப் பழக்குங்கள். அதற்குமேல் வேண்டாம்.

ஒரே புத்தகத்தைப் பத்து முறை எடுத்துப்போகிறான். வேறு எடுக்கச் சொல்லிவிடட்டுமா?

விட்டுவிடுங்கள். 1996-இல் தொடங்கிய ப்ளூஸ் க்ளூஸ் என்ற தொடரை நிக்கலோடியன் ஒரு விநோத முறையில் ஒளிபரப்பியது: ஒரே பாகத்தை வாரத்தில் ஐந்து நாளும் தொடர்ந்து போட்டார்கள். குழந்தைகள் சலிக்கவில்லை. நாள் செல்லச் செல்ல அதிகம் புரிந்துகொண்டார்கள், திரையோடு சேர்ந்து சத்தமாகப் பதில் சொன்னார்கள் என்று ஆய்வில் தெரிந்தது. வரப்போவது தெரிந்திருப்பது பெரியவர்களுக்குத்தான் அலுப்பு; சிறுவர்களுக்கு அது தைரியம்.

மனப்பாடக் கவலை வந்தால், மேலே சொன்ன சீட்டு விளையாட்டு இருக்கிறது.

கதை சப்பென்று இருக்கிறதே. டிவியில் இருந்த பாட்டு, சிரிப்பு எதுவுமே இல்லை. யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள்?

உள் அட்டையில் சிறிய எழுத்தில் பாருங்கள். 'இன்னாரின் தொலைக்காட்சி வசனப்பிரதியைத் தழுவியது' என்று இருக்கும். தழுவி எழுதியவர் பெயர் தனியாக இருக்கும். ஆர்தரின் அத்தியாயப் புத்தகங்களில் கதையை எழுதித் தந்தவர் ஸ்டீபன் கிரென்ஸ்கி; மூலப் பாகத்தின் வசனகர்த்தா பெயரும் கூடவே வரும். எழுதியதும் ஓவியமும் தொடரின் உரிமையாளரிடம் ஒப்புதலுக்குப் போகும். டோராவின் தலைமுடி, முதுகுப்பையின் நிறம் எதுவும் திரையில் இருப்பதிலிருந்து மாறக்கூடாது.

இந்த வேலையை மட்டமாக நினைக்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாகத்தைச் சில நூறு சொற்களுக்குள், அதுவும் ஆறு வயதுக் குழந்தை கூட்டிப் படிக்கக்கூடிய சொற்களுக்குள் அடக்க வேண்டும். பாட்டு போகும், கிளைக்கதை போகும், முகபாவத்தில் வந்த நகைச்சுவை போகும். மிஞ்சுவது எலும்புக்கூடு. நல்ல தழுவலாளர் எந்த எலும்பை வைத்துக்கொள்வது என்று அறிந்தவர். டோரா இதற்கு மிகவும் தோதானவள். வரைபடம் மூன்று இடங்களைச் சொல்லும். மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பயணம் நடக்கும். இதே சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் குழந்தைக்கு மூன்றாவது முறை சொல் பழகிவிடுகிறது. திரையில் டோரா நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள் அல்லவா? புத்தகத்தில் அது கேள்வி வாக்கியமாகிறது. படிக்கும் குழந்தை நின்று பதில் சொல்கிறது.

எல்லாமே இப்படி அமைவதில்லை. திரைக்காட்சியை அப்படியே வெட்டி ஒட்டி, கீழே இரண்டு வரி போட்டு விற்கும் புத்தகங்களும் உண்டு. படம் மங்கலாக இருக்கும், வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அவற்றை நான் தட்டில் வைப்பதில்லை. மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் ப்ளூயி தொடரிலிருந்து வந்த கடற்கரைக் கதை ஒன்று 2020-இல் அந்நாட்டுப் புத்தகத் தொழில்துறை விருதுகளில் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தேர்வானது. அது படக்கதைப் புத்தகம். ஆனாலும் டிவியிலிருந்து வந்தால் தரம் குறைவு என்ற எண்ணத்துக்கு அதுவே பதில்.

கடைசியில் இதெல்லாம் பொம்மை விற்கும் விளம்பரம்தானே?

அந்தப் பக்கமும் உண்மைதான். பா பட்ரோலைத் தயாரிக்கும் ஸ்பின் மாஸ்டர், கனடாவின் பொம்மை நிறுவனம். பெப்பாவின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தை 2019-இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. புத்தகத்தின் பின்னட்டையில் மற்றப் பொருள்களின் படம் இருந்தால் குழந்தை கேட்கத்தான் செய்யும். எங்கள் நூலகப் புத்தகங்களுக்கு நான் பழுப்புத் தாளில் பின்னட்டை போட்டுவிடுகிறேன். உள்ளே இருக்கும் இருபத்துநான்கு பக்கம் குழந்தைக்கு. அட்டையில் இருப்பது கடைக்காரருக்கு.

எங்கள் வீட்டில் டிவியே இல்லை. என் மகளுக்கு இவை பயன்படுமா?

மற்ற ஆரம்ப வாசிப்புப் புத்தகம் எவ்வளவு பயன்படுமோ அவ்வளவுதான். இரண்டாவது பதிலில் சொன்ன 'தெரிந்த கதை' என்ற அனுகூலம் அவளுக்குக் கிடைக்காது. அவளுக்குத் தெரிந்த கதைகள் எவையோ, பாட்டி வடை சுட்டதோ, குரங்கும் குல்லாய் வியாபாரியோ, அவற்றின் எளிய புத்தகங்களைத் தேடுங்கள். வேலை செய்வது டிவி அல்ல, பரிச்சயம். இதற்காக டிவி வாங்க வேண்டாம்.

என் மகன் தமிழில்தான் டோரா பார்க்கிறான். கதை நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆங்கிலப் புத்தகத்தில் திணறுகிறான். ஏன்?

இந்தக் கேள்வி எனக்கே நிறையக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பெருக்கலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவனுக்குக் கதை தெரியும். ஆனால் 'பாலம்', 'மலை', 'குகை' எல்லாம் அவன் தமிழில் கேட்டவை. ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சரியாக உச்சரித்துவிட்டாலும், அந்த ஓசை அவன் காதில் எந்தப் பாலத்தையும் கொண்டுவருவதில்லை. ஆங்கிலத்தில் தொடரைப் பார்க்கும் குழந்தைக்கு அந்த ஓசை ஏற்கனவே பழக்கம்.

எனவே முதலில் புத்தகத்தைத் தமிழில் சொல்லுங்கள். படத்தைக் காட்டி, பொருள்களின் ஆங்கிலப் பெயரை இடையிடையே சேருங்கள். மறுநாள் நீங்கள் ஆங்கிலத்தில் படியுங்கள், அவன் கேட்கட்டும். மூன்றாம் நாள் அவன் படிக்கட்டும். மூன்று நாள் ஒரு சிறு புத்தகத்துக்கு அதிகம் என்று தோன்றும். பத்துப் புத்தகத்தை மேலோட்டமாகத் தடவுவதைவிட இது மேல்.

தமிழில் இப்படிப் படி வைத்த புத்தகங்கள் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் டிவித் தொடரிலிருந்து வந்தவை அல்ல. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக வந்தன. படிக்கு இதைவிட நல்ல பெயர் நான் கண்டதில்லை.

தமிழ் டோரா பார்க்கும் குழந்தைக்குத் தமிழில் வாசிப்புப் புத்தகம் வேண்டுமென்றால், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குழந்தை பார்த்த ஒரு பாகத்தை உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு வரியாக நோட்டில் எழுதுங்கள். படத்தை அவளே வரையட்டும். எங்களிடம் அப்படி வந்த ஒரு நோட்டில் எட்டு வரிகள்தான். 'டோரா பாலத்தில் போனாள். புஜ்ஜிக்குப் பயம். டோரா கை பிடித்தாள்.' தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் அந்தப் பெண் அதைத் தடுமாறாமல் படித்தாள். ஆங்கிலம்போல அல்லாமல் தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். எழுத்துகள் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் ஒருமுறை பிடிபட்டால் ஏமாற்றாது.

பழைய புத்தகக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. வாங்கலாமா?

தாராளமாக. வெளிநாட்டு நூலகங்களிலிருந்து கழித்துவிட்ட புத்தகங்கள் இப்படித்தான் நம் ஊருக்கு வருகின்றன. உள்ளே நூலக முத்திரையும், அதன்மேல் 'கழிக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருந்தால் தயங்க வேண்டாம். நடுப்பக்கம் இருக்கிறதா, யாராவது பேனாவால் விடை எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஸ்டிக்கரோடு வந்த வரிசைகளில் ஸ்டிக்கர் தாள் இருக்காது. கதைக்கு அது தேவையில்லை.

டோரா, பா பட்ரோல் அமெரிக்க எழுத்துக்கூட்டல். லேடிபேர்ட் பெப்பா பிரிட்டிஷ். நிறம் என்ற சொல்லே இரண்டிலும் வேறு வேறாக எழுதப்பட்டிருக்கும். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் முறைதான். குழந்தை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எட்டு வயதாகிவிட்டது, இன்னும் பா பட்ரோலை விடமாட்டேன் என்கிறான்.

பறிக்காதீர்கள். பக்கத்தில் அடுத்ததை வையுங்கள். ஆர்தரின் அத்தியாயப் புத்தகங்கள் இதற்கு நல்ல பாலம்: தெரிந்த முகங்கள், ஆனால் படம் குறைவு, பத்திகள் நீளம். முதல் அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துவிட்டு, சுவாரசியமான இடத்தில் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போங்கள். எங்கள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் இப்படிச் செய்து, அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது மகன் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தானாம்.

பெரியவளாகிவிட்டாள். புத்தகங்களை உங்கள் நூலகத்துக்குத் தரலாமா?

தாருங்கள். அவளுக்குப் பிடித்த இரண்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைத் தாருங்கள். எதை வைப்பது என்று அவளே சொல்லட்டும். தரும் முன் நடுவில் உள்ள பின்னைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். துரு இருந்தால் பின்னை எடுத்துவிட்டு, அதே மடிப்பில் மூன்று துளையிட்டு வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். தைக்க நேரமில்லை என்றால் அப்படியே கொண்டுவாருங்கள், நான் தைத்துக்கொள்கிறேன்.